ஆளைக் கூப்பிடும் முன் ஒரு மல்டிமீட்டர்

நான் எலக்ட்ரீஷியன் இல்லை, கணக்கு எழுதுகிறவள். எங்கள் வீட்டில் எது நின்றாலும் முதல் வேலை யாருக்காவது போன் போடுவதுதான். வருகிறவர் "என்ன ஆச்சு?" என்று கேட்டால், "ஓடலை" என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது. மின்சாரத்தை அளந்து காட்டும் இந்தச் சின்ன டிஜிட்டல் மல்டிமீட்டர் வந்த பிறகு அந்தப் பேச்சே மாறிவிட்டது. இருப்பதிலேயே சாதாரண ரகம் இது: நடுவில் திருகும் குமிழ், சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், அவ்வளவுதான்.

நான் அதிகம் பயன்படுத்துவது, கம்பி எங்கும் அறுபடாமல் இருந்தால் 'பீப்' சத்தம் தரும் கன்டின்யூட்டி சோதனையை. மேஜை விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி, பல்பையும் எடுத்துவிட்டு, விளக்கின் சுவிட்சை மட்டும் ஆன் நிலையில் வைக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பிளக்கின் ஒரு பின்னிலும், மற்றதை ஹோல்டருக்குள் இருக்கும் தகடுகளிலும் மாற்றி மாற்றி வைத்தால், எங்காவது ஒன்றில் பீப் வரவேண்டும். அடுத்த பின்னுக்கும் அப்படியே. வரவில்லையா? முனைகளை எடுக்காமல் வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். பிளக்கை ஒட்டி வயர் மடங்கும் இடத்தில் சத்தம் விட்டுவிட்டு வந்தால் கம்பி அறுந்திருப்பது அங்கேதான். யாரும் சொல்லித்தராமல் அந்த இடத்தை நாமே பிடிப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. பிறகு வயரை மாற்ற ஆளைக் கூப்பிட்டாலும் அது குறைவதில்லை.

கார் விஷயத்தில் இது இன்னும் உதவியது. காலையில் வண்டி கிளம்பத் திணறினால் உடனே பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். நல்ல சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 அளவு காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி ஏறவேண்டும். எங்கள் வண்டியில் ஏறவே இல்லை. மெக்கானிக்கிடம் இந்த இரண்டு எண்களையும் சொன்னேன். அவர் பேட்டரியைத் தொடவில்லை, நேராக, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டைப் பார்த்தார். தொய்ந்து கிடந்தது.

சரி, குறைகளுக்கு வருவோம். இதன் எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. தேய்ந்துபோன சாதாரண பென்சில் செல்கூடச் சும்மா அளந்தால் 1.4 வோல்ட் காட்டலாம், பொம்மையில் போட்டால் ஓடாது. பொம்மை மின்சாரத்தை இழுக்கும்போது வோல்ட்டேஜ் விழுந்துவிடுகிறது. எதிலும் இணைக்காத வயர்கூட, பக்கத்தில் மின்சாரம் ஓடும் வயர் இருந்தால் சில பத்து வோல்ட் காட்டும். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்கள் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுப்பதால் வரும் பொய்க்கணக்கு இது. கூட வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பொடி எழுத்தில் எச்சரிக்கைகள் மட்டும் பக்கம் பக்கமாக.

அந்த எச்சரிக்கைகளில் ஒன்றைக் கட்டாயம் படியுங்கள்: சிவப்பு வயரை, மின்னோட்டம் அளப்பதற்கான 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு வோல்ட்டேஜ் அளக்கக் கூடாது. அந்தத் துளை வழியாகப் போனால் மீட்டரே ஒரு ஷார்ட் சர்க்யூட். கன்டின்யூட்டி சோதனையும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான். மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அங்கே மட்டும் என் வீட்டுப் பழைய வழக்கமே சரி, போனை எடுத்துவிடுவேன்.

திரையில் விளக்கு இல்லை, அதனால் பானெட்டுக்குள் குனிந்து பார்க்கும்போது கைபேசி வெளிச்சம் தேவைப்படுகிறது. கூட வரும் வயர்கள் விறைப்பானவை, நாம் ஒரு பக்கம் வைத்தால் அவை ஒரு பக்கம் இழுக்கும். வாங்குவதானால் வளைந்துகொடுக்கும் சிலிக்கான் வயர் ஒரு ஜோடியும், நுனியில் மாட்ட முதலைக் கிளிப் இரண்டும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.