ராமநாதபுரம் மணலில் ஆர்எக்ஸ் 135: மேல் ரெவ்வில் இழுவை போனால் எங்கே பார்ப்பது

பழைய யமஹா ஆர்எக்ஸ் 135 பைக்கை மணலில் ஓட்டும் வண்டியாக மாற்றி உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் பக்கம் பல வருஷமாக ஓட்டி வருகிறேன். பட்டன் டயர், உயர்த்திக் கட்டிய முன் மட்கார்டு, ஒரு பல் குறைத்த முன் ஸ்ப்ராக்கெட், ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டர். எஞ்சினில் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது) தவிர வேறு வேலை செய்யவில்லை. 58 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 132 சிசி. கம்பெனிக் கணக்கு அவ்வளவுதான். நம் பனங்காட்டு மணலுக்கும் கோடையில் காய்ந்து கிடக்கும் கண்மாய்களுக்கும் இது அருமையான எஞ்சின் என்று மனதாரச் சொல்வேன். கடற்கரையில் மட்டும் இறக்குவதில்லை. அங்கே வலை காயும், பங்குனி வரைக்கும் ஆமை முட்டையிடும்.

நீண்ட நாள் ஓட்டியதில் இந்த வண்டி திரும்பத் திரும்பக் காட்டிய ஒரே நோய், மேல் ரெவ்வில், அதாவது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, இழுவை குறைவது. தார் ரோட்டில் ஓட்டுபவருக்கு இது பெரிதாகத் தெரியாது. மணலில் உடனே தெரிந்துவிடும். வேகம் குறைந்தால் முன் டயர் புதைந்து ஹேண்டில் மடங்கும் என்பதால், இரண்டாம் கியரில் முறுக்கை (ஆக்சிலரேட்டரை) திறந்தபடி எஞ்சினை மேல் சுற்றிலேயே வைத்திருக்க வேண்டும். அங்கே சக்தி இல்லையென்றால் வண்டியை இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இந்த நோயைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் "மெயின் ஜெட்டை மாத்து" என்பார்கள். கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைதான் அது. கீழக்கரையில் டூ ஸ்ட்ரோக் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் காக்கா (அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) இருக்கிறார். அவர் கேட்ட கேள்வியைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்: "தம்பி, போன மாசம் இதே ஜெட்ல வண்டி பறந்துச்சுல்ல? ஜெட்டோட ஓட்டை தானா பெருசாவுமா?" நன்றாக ஓடிய வண்டி மாறியிருக்கிறதென்றால், மாறக்கூடிய வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஜெட்டை மாற்றினால், ஒரு கோளாறின் மேல் இன்னொரு கோளாறை ஏற்றி வைத்த கதைதான்.

முதலில் எஞ்சின் கோளாறுதானா என்று பார்த்துவிடுங்கள். முறுக்கும்போது சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச் பிளேட். மணலில் கிளட்சைப் பாதி பிடித்து ஓட்டுவதால் பிளேட் சீக்கிரம் தேயும். சத்தமே ஒரு இடத்துக்கு மேல் ஏறாமல் நிற்கிறது என்றால்தான் கீழே சொல்வதெல்லாம்.

எங்கள் பக்கம் முதல் சந்தேகம் சைலன்சர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் சத்தம் அடக்கும் குழாய் மட்டுமல்ல, எஞ்சினின் பாதி வேலையே அங்கேதான் நடக்கிறது. எக்சாஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாசல்) திறந்ததும் புறப்படும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி எரிந்த புகையை வெளியே இழுக்கும். குழாய் குறுகும் இடத்தில் மோதி, வெளியே நழுவப் பார்க்கும் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் பைக் தொழிற்சாலையில் எஞ்சினியர் வால்டர் காடன் இந்த அலைக் கணக்கைத் தீட்டித் தீட்டித்தான் சின்ன எஞ்சினிலிருந்து அவ்வளவு சக்தியை எடுத்தார். நிமிடத்துக்கு 7500 சுற்று என்றால் விநாடிக்கு 125 சுற்று. ஒரு சுற்றுக்கு 8 மில்லிவிநாடிதான் கிடைக்கிறது. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும், புகையும் வெளியேற வேண்டும். சுற்று குறைவாக இருக்கும்போது, வழி அடைத்திருந்தாலும் புகை வெளியேற நேரம் இருக்கிறது. மேல் சுற்றில் அந்த நேரம் கிடையாது. அதனால்தான் சைலன்சர் அடைத்த வண்டி அடியில் நன்றாக இழுத்துவிட்டு, மேலே போனதும் சுவரில் முட்டியது மாதிரி நிற்கிறது.

அடைப்பதற்கு நம் ஊரில் காரணங்கள் அதிகம். மெதுவாகத் தோப்புக்குள் சுற்றும்போது பெட்ரோலோடு சேர்ந்து எரிய வேண்டிய டூ டி ஆயில் முழுதாக எரியாமல் பேஃபிளில் (சைலன்சர் வாலுக்குள் செருகிய குழாயில்) தாராகப் படிகிறது. வண்டி மணலில் சாயும்போது வால் வழியாக மண் ஏறி அந்தத் தாரில் ஒட்டுகிறது. மேலே உப்புக் காற்று. உள் தகடு செதில் செதிலாகத் துரு விட்டு அதுவும் வந்து சேர்கிறது. பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்தையே அந்த அரிப்பு ஓய்வுக்கு அனுப்பி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்க வேண்டி வந்தது. நம் சைலன்சர் தகடு எம்மாத்திரம்.

பேஃபிளைக் கழற்றி ஒரே ஒரு முறை சின்ன ஓட்டம் விட்டுப் பாருங்கள். இழுவை திரும்பினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அப்படியே ஓட்டாதீர்கள், ஊர் தாங்காது, கலவைக் கணக்கும் மாறிப்போகும். சுத்தம் செய்ய நான் போவது உச்சிப்புளிப் பக்கம் பாளை அரிவாள் அடிக்கும் ஒரு கொல்லுப் பட்டறைக்கு. உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தட்டினால் தார் முழுக்கச் சாம்பலாக உதிர்ந்துவிடும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவதும் உண்டு. இரும்புக்கு மட்டும் அதைச் செய்யுங்கள், அலுமினியத்தைத் தின்றுவிடும்; கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அப்புறம் பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, எக்சாஸ்ட் போர்ட்டின் விளிம்பில் படிந்த கரியை மரக்குச்சியால் சுரண்டி எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கோடு விழும்.

உள்ளே போகும் வழியில் ஏர் ஃபில்டர். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணுக்குத் தெரியாத பொடி மணல் பறந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, எண்ணெய் நனைத்துப் பிழிந்து போடுகிறேன். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப் பசை விட்டுவிடும். விளிம்பில் கொஞ்சம் கிரீஸ். அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும். கிழிந்த ஃபில்டர் மணலை உள்ளே விட்டுச் சிலிண்டர் போரையே தேய்த்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் பயம்.

அடுத்து ரீட் வால்வு: கலவையை உள்ளே விட்டு, திரும்ப விடாமல் மூடும் மெல்லிய இதழ்கள். அதை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இதழ் முனை உடைந்திருந்தால் கிக்கர் அடிக்கும்போதே தொல்லை தெரியும். உடையாமல் வளையும் வலு மட்டும் போயிருந்தால் அடியில் ஒன்றும் தெரியாது, மேல் ரெவ்வில் இதழ் படபடத்து மூட நேரமில்லாமல் கலவை கார்பரேட்டருக்கே திரும்பும். வெளிச்சம் கசிந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

சைலன்சருக்கு அடுத்தபடியாக இந்தக் கடலோரத்தில் ஏமாற்றுவது கரண்ட். டாப்பில் "பட் பட்" என்று மிஸ்ஸிங் அடித்தால் பெட்ரோல் அதிகம் என்றுதான் காது சொல்லும். என் வண்டியில் இக்னிஷன் காயில் சேஸிஸோடு சேரும் போல்ட்டில் பச்சை பூத்திருந்தது, பிளக் கேப்பின் உள்ளேயும் அதே கதை. மெதுவான சுற்றில் பொறி வந்துவிடுகிறது. சிலிண்டர் நிறைந்து அழுத்தம் கூடும்போது பலமில்லாத பொறி தாண்டுவதில்லை. எர்த் போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிளக் வயரின் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிப் புதுச் செம்பு தெரியவைத்து, கேப்பை மறுபடி திருகினேன். புது பிளக்கும் போட்டதும் வண்டி பழையபடி பாடியது.

நீளமான மணல் பாதையில் சில விநாடி நன்றாகப் போய்விட்டு அப்புறம் மூச்சு விட்டு, முறுக்கைக் குறைத்ததும் தேறினால் அது பெட்ரோல் வரத்துக் குறைவு. டேங்க் மூடியின் காற்றோட்டை, டேப் வலை, ஃப்ளோட் ஊசி ஆகியவற்றைப் பாருங்கள். டேங்க் உள்ளேயும் துரு இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்து இன்னும் திணறினால்தான் கார்பரேட்டர். ஓடும்போது பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கார்பரேட்டரின் ஃப்ளோட் பாத்திரத்தில் பெட்ரோல் இறங்க இறங்கக் கலவை மெலியும், அதாவது அதில் பெட்ரோல் குறையும். அணையும் முன் வண்டி துள்ளி இழுத்தால் கலவை கெட்டி, பெட்ரோல் அதிகம். அதற்கு மாறாக, டாப்பில் சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் தேறினால் கலவை மெலிவு. உச்சி வெயிலில் மோசம், விடியலில் தேவலை என்றாலும் கெட்டிப் பக்கம்தான் சந்தேகம். குளிர்ந்த காற்று அடர்த்தியானது.

ஜெட்டை நிஜமாகவே மாற்ற வேண்டி வரும் ஒரு நிலைமை இப்போது வந்திருக்கிறது. எரிபொருளே மாறிவிட்டது. பெட்ரோல் எரிய எடைக்கு 14.7 மடங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ஜெட்டில் ஊற்றினால் கலவை தானாக மெலிகிறது. மெலிந்த கலவையில் முழு முறுக்கு என்றால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதனால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, பிளக்கின் நிறம் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து வண்டி வாங்கி வந்தவர்களும் பார்க்க வேண்டும்; மலையில் சின்ன ஜெட் போட்டிருப்பார்கள், கடல் மட்டத்துக்கு அது ஆகாது. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால், வண்டியை நிறுத்தி வைக்கும்போது ஃப்ளோட் பாத்திரத்தை வடித்துவிடுகிறேன். ஆயில் பம்ப்பை எடுத்துவிட்டுக் கலந்து ஊற்றுபவர்களுக்கு ஒன்று: ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது, அதுவும் மெலிவுதான்.

வெளிநாட்டு மோட்டோகிராஸ் டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையில் பவர் வால்வையும் (சுற்றுக்கு ஏற்ப எக்சாஸ்ட் போர்ட்டைப் பெரிதாக்கும் கதவு) சேர்க்க வேண்டும். கரி பிடித்து மூடிய நிலையில் சிக்கினால் அறிகுறி அச்சு அசலாக இதேதான். ஆர்எக்ஸில் அந்தச் சாமான் கிடையாது.

ஐடில் தானாக ஏறி இறங்காமல் தொங்கினால் இடது மேக்னெட் பக்க ஆயில் சீல் காற்று இழுக்கிறது. புகை அடர்ந்து கியர் ஆயில் குறைந்தால் வலது கிளட்ச் பக்கச் சீல். மேக்னெட் சீல் கெட்ட வண்டியை முழு முறுக்கில் ஓட்டாதீர்கள், வண்டியை நிறுத்திவிட்டு நேரே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.