'வென் டேர் ஃபாட்டர் மிட் டெம் சோனே' (1955): பெறாத பிள்ளைக்கு ஓர் அப்பா

இந்த ஜெர்மன் படத்தை நகைச்சுவைப் படம் என்று நம்பி உட்காருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: முதல் பாதியில்தான் சிரிப்பு. பிற்பாதி வேறு படம்.

டெடி லெம்கே ஒரு காலத்தில் பேர்பெற்ற இசைக் கோமாளி. சொந்த மகன் இறந்ததும் அரங்கத்தை விட்டு ஒதுங்கிவிட்டார். அவர் குடியிருக்கும் வீட்டில் உல்லி என்றொரு சிறுவன் வளர்கிறான், தாய் அமெரிக்காவில். கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்ட பிள்ளைக்கு டெடி அப்பாவாகிவிடுகிறார். மகனைக் கூட்டிப்போகத் தாய் வந்து நிற்கும்போது, அவனோடு ஊரைவிட்டே கிளம்பிவிடுகிறார்.

படத்தைத் தாங்குவது டெடியாக நடிக்கும் ஹெய்ன்ஸ் ரூமான். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டுதான் அவர் நடித்த 'கோப்பனிக் கேப்டன்' படம் வந்தது. முகத்தை அதிகம் அசைக்க மாட்டார். வசனத்தை விழுங்குவதுபோல் வேகமாகச் சொல்லிவிட்டு, அரை நொடி தாமதித்துத்தான் பார்வையைத் திருப்புவார். சிரிப்பு அந்தத் தாமதத்தில் இருக்கிறது. உல்லியாக வரும் சிறுவன் ஆலிவர் கிரிமிடம் அவர் குழந்தைமொழி பேசுவதில்லை, சக தொழிலாளியிடம் பேசுவதுபோலத்தான் பேசுகிறார். அதனால்தான் ஹெய்னோ காட்ஸே இசையமைத்த 'லா லே லு' தாலாட்டு எடுபடுகிறது. ஜெர்மன் வீடுகளில் இன்றும் பாடப்படும் பாட்டு அது.

கோளாறு திரைக்கதையில். தாய்க்கு (வால்ட்ராவுட் ஹாஸ்) அவள் தரப்பைச் சொல்லப் போதிய காட்சியே இல்லை; பிள்ளையைப் பறிக்க வந்தவளாகவே நிற்கிறாள். டெடி செய்வது சட்டப்படி ஆள்கடத்தல். இயக்குநர் ஹான்ஸ் க்வெஸ்ட் அதை உல்லாசப் பயணம்போலக் காட்டிவிட்டு நகர்கிறார். ரூமானின் முகமே போதும் என்ற இடங்களிலும் பின்னணி இசை நம்மை அழச்சொல்லி வற்புறுத்துகிறது. போர் முடிந்து பத்தே ஆண்டு. தகப்பனை இழந்த பிள்ளைகள் நிறைந்த மேற்கு ஜெர்மனியில் இந்தக் கதை ஏன் தைத்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆனாலும் படத்தொகுப்பாளரின் கத்தரி இன்னும் கொஞ்சம் வேலை செய்திருக்கலாம்.

பார்க்கும் முறையும் முக்கியம். கறுப்பு வெள்ளைப் படம், அகலமும் உயரமும் கிட்டத்தட்ட 4:3 விகிதம். தொலைக்காட்சி அதை அகலத்துக்கு இழுத்தால் ரூமான் குண்டாகிவிடுவார். பட அளவை 4:3 என்று மாற்றுங்கள், இருபுறமும் கறுப்புப் பட்டை வரட்டும். அசைவை மென்மையாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். 'பால்' (PAL) என்னும் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறை டிவிடியில் நொடிக்கு 24 சட்டகம் 25 ஆக ஓடும். அதாவது சுமார் 4 விழுக்காடு கூடுதல் வேகம். சுருதியைச் சரிசெய்யாத பதிப்பில் தாலாட்டு சற்று உச்சத்தில் ஒலிக்கும். மொழிமாற்றுக் குரல் வேண்டவே வேண்டாம், அந்த அரை நொடி அதில் காணாமல் போய்விடும். வாங்குமுன் உங்களுக்குத் தெரிந்த மொழியில் வசன வரிகள் உண்டா என்று அட்டையைப் புரட்டிப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதானால், தாய் வந்தபிறகு வரும் பகுதியில் கூடவே இருங்கள். யாரோடு போவது என்று பிள்ளை தவிக்கும் காட்சிகள் அவர்களை உலுக்கும்.