மார்பில் கூடாது, கையில் கூடும்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துக் கழகங்கள், வீரர்களின் சட்டை முன்புறத்தில் சூதாட்ட நிறுவனங்களின் பெயரைப் பொறிப்பதை 2025-26 பருவத்தின் முடிவோடு கைவிடுவதாக 2023 ஏப்ரலில் ஒப்புக்கொண்டன. அதே சட்டையின் கைப்பகுதிக்கும், மைதானத்தைச் சுற்றி ஒளிரும் விளம்பரப் பலகைகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மார்பில் உள்ள பெயர் பெரியது, புகைப்படங்களில் நிலைத்து நிற்பது, அதிக விலை பெறுவது. ஆகவே அதை நீக்குவது வெறும் கண்துடைப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆட்டம் முழுவதும் பந்தைத் தொடரும் கேமராவின் பார்வையில் மாறி மாறி மின்னும் பலகையை எந்தப் பார்வையாளரும் தவிர்க்க இயலாது என்பதால், தீங்கின் அளவைக் கொண்டு பார்த்தால் இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் கிடைப்பது கடினம். சிறுவர் அளவுச் சட்டைகளில் சூதாட்டச் சின்னங்கள் அச்சிடப்படுவதில்லை; அச்சிறுவர்கள் பார்க்கும் ஆட்டத்திலோ அவை நிறைந்திருக்கின்றன.

வீரர்களுக்கான அளவுகோல் வேறு. வீரர்கள் கால்பந்தின் மீது பணம் கட்டிப் பந்தயம் வைப்பதைத் தடுக்கும் விதிகளை மீறியதற்காக, பிரென்ட்ஃபோர்டு கழகத்தின் வீரர் ஐவன் டோனி 2023 மே மாதத்தில் எட்டு மாதத் தடை பெற்றார். விதியை மீறியது அவர்தான், அதில் ஐயமில்லை. எனினும் அப்பருவத்தில் அவர் அணிந்து ஆடிய சட்டையின் மார்பில் இருந்தது ஹாலிவுட்பெட்ஸ் என்ற பந்தய நிறுவனத்தின் பெயர்.