உப்புக் காற்றில் ஒரு அம்பாசடர் பிரேக்: 16 வருட அனுபவம்

1984 மாடல் அம்பாசடர் மார்க் 4. 2009-இல் மாமனார் கொடுத்தார். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். சாயங்காலமானால் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து உப்புக் காற்று வந்துவிடும். இந்த வண்டியில் நான் அதிகம் கவலைப்பட்டதும் அதிகம் கற்றுக்கொண்டதும் பிரேக்கில்தான்.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் ஷூ என்ற பிரேக் கட்டை அழுத்தி நிறுத்தும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. முன் சக்கரங்களில் ஆளுக்கு இரண்டு வீல் சிலிண்டர், ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளுபவை. வண்டி முன்னே போகும்போது சுழலும் டிரம்மே இரண்டு ஷூவையும் இழுத்து இறுக்கிக்கொள்ளும். அதனால் அட்ஜஸ்ட் சரியாக இருந்தால் பூஸ்டர் இல்லாமலே நன்றாக நிற்கும். டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் போடச் சொன்னவர்கள் நிறைய பேர். டிஸ்க்கில் அந்த இழுப்பு கிடையாது. பூஸ்டர், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். என் ஓட்டத்துக்கு அது தேவைப்படவில்லை.

முதல் பாடம் 2010-இல், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதும் பெடல் தரையைத் தொட்டது. பின்சீட்டில் குழந்தை. மூன்று முறை பம்ப் அடித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி வந்துவிட்டது! காரணம் ஆயிலில் இருந்த ஈரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடலை மிதித்தாலும் அமுங்குவது ஆவிதான், ஷூ நகராது.

அப்போதிருந்து கிலோமீட்டர் பார்ப்பதில்லை. மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஆயிலை மாற்றிவிடுவேன். மகள்தான் பெடலை மிதிக்க உட்காருவாள். தூரத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் ஆரம்பிப்போம். ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி, "பிடி" என்பேன். கால் வாசி சுற்று திறந்தால் முதலில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில் வரும், நடுவே மணி மணியாகக் காற்று. மூடிவிட்டு "விடு" என்பேன். தேன் நிறத்தில், குமிழி இல்லாமல் வரும் வரை இதேதான். "அப்பா, கல்லு மாதிரி ஆயிடுச்சு" என்று அவள் சொன்னால் அடுத்த சக்கரம்.

2014-இல் ஒரு பட்டறையில் அவசரத்துக்கு வேறு டப்பாவிலிருந்து மினரல் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். இரண்டே நாளில் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய், காலை எடுத்தும் பிரேக் விடவில்லை. டிரம்மில் கை வைக்க முடியாத சூடு. சிறு விமானங்களின் பிரேக்கில் சிவப்பு நிற மினரல் ஆயில்தான் ஊற்றுவார்கள், அதைத் தாங்கும் ரப்பரே வேறு. கார் பிரேக் ரப்பருக்கு அது ஆகவே ஆகாது. பைப்பையெல்லாம் ஸ்பிரிட் விட்டுக் கழுவி, மாஸ்டர் சிலிண்டர் தொடங்கி சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாயான ஹோஸ் வரை ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது சீல் உடைக்காத சின்ன டப்பாவை நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி பாதி சக்கரம் வரை தண்ணீரில் நின்றது. டிரம்மைக் கழற்றினால் பின் சிலிண்டர்கள் இரண்டும் துருப்பிடித்து இறுகியிருந்தன. இரும்புச் சிலிண்டரில் துரு பள்ளம் விழுந்துவிட்டால் புது ரப்பர் கிட் போட்டாலும் ஒழுகும். புதுச்சேரியில் ஒரு லேத் பட்டறையில் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் குடைந்து உள்ளே பித்தளை ஸ்லீவ் (உட்குழாய்) இறக்கினேன். நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

அப்புறம் பைப். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் மிச்சமிருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அதனால் ஸ்டீல் பைப்பைக் கழற்றிவிட்டு செம்பு-நிக்கல் பைப் போட்டேன். உப்பு அதைத் தின்பதில்லை, வளைக்கவும் சுலபம். வெறும் செம்புப் பைப் வேண்டாம், அதிர்வில் கீறல் விடும்.

போன வாரம் கடலூரிலிருந்து அரியாங்குப்பம் போகும்போது பிரேக் மிதித்தால் வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. வலது முன் ஹோஸ் உள்ளே ஊதியிருக்கும் என்று நினைக்கிறேன். வெளியே பார்த்தால் தெரியாது. ஜோடியாக வாங்கி வைத்துவிட்டேன், இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் மாற்றுகிறோம்.