ஹட்டனில் தீவகக் கருவாடு: நெத்தலி நன்று, கண்டல் கன்றுக் கணக்கு தெளிவில்லை

ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையில் யாழ்ப்பாணத் தீவகத்துக் கருவாடு 200 கிராம் பொதிகளாக வருகிறது. வேலணைப் பக்கத்துப் பெண்கள் குழு காயவைத்து அனுப்புகிறது. பொதிக்கு ஒரு கண்டல் (கரையோரச் சேற்றில் வளரும் மரம்) கன்று நடுவதாக லேபலில் அச்சிட்டிருக்கிறார்கள். விலை சந்தையைவிடக் கொஞ்சம் கூட.

நெத்தலியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். தலை உடையவில்லை, பக்கவாட்டு வெள்ளிக்கோடு மங்கவில்லை. மணலில் பரப்பாமல் தட்டியில் காயவைத்த சரக்கு என்பதால் அலசும்போது சட்டியின் அடியில் மண் தங்குவதில்லை. உப்பும் குறைவு, ஐந்து நிமிடம் ஊறினால் ரொட்டிக்குச் சம்பல் போடலாம். இறால் கருவாடும் பழுதில்லை.

கட்டா மீன் கருவாட்டுத் துண்டை மட்டும் தவிர்க்கவும். வெளியே காய்ந்திருக்கிறது, முள்ளை ஒட்டிய சதை மெத்தென்று இருக்கிறது. தடித்த மீனை ஆழமாகக் கீறாமல் கடும் வெயிலில் போட்டால் மேற்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. அழுத்தினால் விரல் பதியும் துண்டு மலைநாட்டு ஈரத்தில் ஒரு வாரம் தாங்காது.

பொதி செய்தவர்கள் மலையக மழையைக் கணக்கில் எடுக்கவில்லை. மெல்லிய பொலித்தீன், மேலே ஒரு ஸ்டேப்லர் கம்பி, அவ்வளவுதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுக்கும்; ஜூன், ஜூலை மாதங்களில் ஹட்டன் பக்கம் அதற்குக் கீழே இறங்கும் நாள் அரிது. வாங்கிய அன்றே வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் புரட்டி, நன்றாக ஆறவிட்டு, மூடி இறுகும் போத்தலில் போடவும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இளஞ்சிவப்புப் படிந்தால் அது உப்பில் வளரும் நுண்ணுயிர். கழுவிச் சமைக்கப் பார்க்காமல் எறிந்துவிடவும்.

இனி அந்தக் கன்று. லேபலில் நெத்தலிக்குப் பக்கத்தில் கண்டல் வேரை வரைந்திருக்கிறார்கள். உண்மையில் அந்த வேர்களை அதிகம் நம்பியிருப்பவை இறால் குஞ்சும் நண்டும் திரளியும்தான். போகட்டும். கடைச் சுவரில் தொங்கும் அட்டையில் நட்ட எண்ணிக்கை மட்டும் இருக்கிறது, பிழைத்த எண்ணிக்கை இல்லை. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நடாத கரை இல்லை என்னும் அளவுக்கு நட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வு 23 இடங்களைப் பார்த்தது: 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் தேறியது 200 சொச்சம், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பெரும்பாலும் இடம் பிழை. கண்டல் எந்நேரமும் மூழ்கிக் கிடக்கும் தரையில் நிற்காது. கடல் வற்றும்போது அதன் சேறு வெளியே தெரிய வேண்டும். அதற்குமேல் ஆடு மாடு மேய்ச்சல், தண்டில் கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர் ஒட்டிக் கன்றைச் சாய்த்தல், பாதை போட்டு நீரோட்டத்தை அடைத்த இடத்தில் மதகு திறக்காமல் நடுதல்.

நடுவது பெரிய வித்தையில்லை. கண்டல் காய் மரத்திலேயே முளைத்து நீண்ட தண்டாகத் தொங்கும். காய்க்கும் தண்டுக்கும் நடுவில் மஞ்சள் வளையம் தெரிந்தால் முற்றிவிட்டது. மூன்றில் ஒரு பங்கைச் சேற்றில் செருகினால் போதும். இடம் சரியாக இருந்து நீரோட்டமும் திறந்திருந்தால் விதை மிதந்து வந்து தானே முளைக்கும், நடவே வேண்டாம்.

கடைக்காரர் தொலைபேசியில் படம் காட்டுகிறார்: முழங்கால் தண்ணீரில் கயிறு பிடித்ததுபோல் நேர் வரிசையில் கன்றுகள். கடல் வற்றிய நேரத்துப் படத்தையும், ஒரு வருடம் கழித்து அதே இடத்தில் எடுத்த படத்தையும் கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு நெத்தலியின் தரத்துக்கும் காயவைத்த பெண்களின் கூலிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அந்த விலை தகும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடக்கில் மழை. அந்த மாதங்களில் காயவைத்த சரக்கு ஈரமாகவே வரும். திகதியைப் பார்த்து வாங்கவும்.