தீர்ப்புக்குப் பிறகும் பணம் வராதவர்களுக்கு: நுகர்வோர் ஆணையத்தின் நிறைவேற்று மனு

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை. குறைத்த ஒன்றரையும் அலைச்சலுக்கு.

நான் தையல்காரி. 46,500 ரூபாய்க்கு வாங்கிய எம்பிராய்டரி இயந்திரத்தில் ஊசி துணியில் இறங்கியதுமே நூல் அறுந்துவிடும். கடைக்காரர் மாற்றித் தரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. "தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல" என்று அவர் தரப்பு வாதாடியது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கினால் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. ஒன்பது மாதத்தில் தீர்ப்பு: விலையும் அதற்குப் புகார் நாளிலிருந்து 9 சதவீத வட்டியும், இழப்பீடு 10,000, செலவுத்தொகை 5,000. பணம் வந்ததும் இயந்திரத்தை நான் திருப்பித் தர வேண்டும்.

தீர்ப்பு நகலோடு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள் அக்கா" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆணையம் தானாக வசூலித்துக் கொடுக்காது. நாம்தான் மறுபடி மனுப் போட வேண்டும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மேல்முறையீட்டுக்கு உரிய 45 நாட்கள் கழியட்டும் என்று காத்திருந்தேன். மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். கடைக்காரர் அதையும் செய்யவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டு மனுக்களைத் தனித்தனியாகக் கொடுத்தேன். 71ஆவது பிரிவில் கொடுப்பது, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போல ஜப்தி செய்து வசூலிக்கக் கேட்பது. 72ஆவது பிரிவு, உத்தரவை மதிக்காதவருக்குத் தண்டனை கேட்பது: ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஜப்திக்கு அவருடைய சொத்து விவரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். எனக்கு என்ன தெரியும்? பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். அடியில், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரிக்குக் கீழே, பொடி எழுத்தில் கடையின் வங்கிக் கணக்கு எண் அச்சாகியிருந்தது! அதையே எழுதிக் கொடுத்தேன். பில்லைத் தூக்கி எறியாதீர்கள்.

பிறகு வாய்தா மேல் வாய்தா, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போனது. தீபாவளி நேரத்தில் இரண்டு ரவிக்கைகளை நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் வாடிக்கையாளர்களிடம் பேச்சும் வாங்கினேன். இரண்டு அழைப்பாணைக்கும் அவர் வரவில்லை. 72ஆவது பிரிவு மனுவில் பிடிவாரண்ட் பிறப்பித்தார்கள். வாரண்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு மூன்று முறை நடந்தேன். நாம் விசாரிக்காவிட்டால் அது மேசையிலேயே கிடக்கும்.

போலீஸ் கடைக்குப் போன மறுநாளே அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு: "முப்பதாயிரம் தருகிறேன், முடித்துக்கொள்வோம்." மறுத்தேன். இத்தனை மாதம் அலைந்தது பேரம் பேசவா? அடுத்த வாய்தாவுக்கு வரைவோலையோடு வந்தார். இருபது மாத வட்டி 6,975 சேர்த்து மொத்தம் 68,475 ரூபாய். ஒரு ரூபாய் குறையவில்லை.

பாதித் தொகைக்கு இறங்கிப் போகலாமா என்று யோசிப்பவர்கள் 72ஆவது பிரிவு மனுவைப் போட்டுப் பார்க்காமல் இறங்காதீர்கள். என் வழக்கில் ஆளை வரவழைத்தது அதுதான்.

அன்று மாலையே இயந்திரத்தை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய், பாபின் கேஸ், ஊசிப் பெட்டியோடு அதே கல்லாவின் மேல் வைத்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன்.