அவைக்குறிப்புகளில் அலெக்ஸ் சால்மண்ட்: இரண்டு இலவச இணையச் சேவைகள்

ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு இரு முறை தலைமையேற்ற அலெக்ஸ் சால்மண்டை அறிய விரும்புவோருக்கு, வாழ்க்கை வரலாற்று நூல்களுக்கு முன்பாக நான் பரிந்துரைப்பவை லண்டன் நாடாளுமன்றத்தின் ஹன்சார்ட் என்னும் அவைக்குறிப்புத் தளமும், எடின்பரோவில் கூடும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் அவைக்குறிப்புத் தளமும்தான். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

முதலில் ஹன்சார்டில் 15 மார்ச் 1988 நாளைத் திறந்து பாருங்கள். நிதியமைச்சர் நைஜல் லாசன், வருமான வரியின் உச்ச விகிதத்தை 60 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைக்கும் வரவு செலவுத் திட்டத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்த உரையில் எவரும் குறுக்கிடக் கூடாது என்பது மரபு. முந்தைய ஆண்டுதான் பான்ஃப் அண்ட் பக்கன் தொகுதியில் வென்று வந்திருந்த 33 வயது சால்மண்ட் எழுந்து, வருமானம் பாராமல் ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் தலைவரி ஸ்காட்லாந்தின் மேல் சுமத்தப்படும் வேளையில் இப்படியொரு சலுகை அருவருப்பானது என்று குரல் கொடுக்கிறார். அவையிலிருந்து ஒரு வாரம் இடைநீக்கம் செய்யப்பட்டார். அதுவரை பலரும் அறியாதிருந்த பெயர், ஒரே நாளில் ஸ்காட்லாந்து முழுவதும் பேசப்பட்டது. எந்தக் கன்னிப்பேச்சும் அவருக்கு அதைச் செய்திருக்காது.

எடின்பரோ தளத்தில் தவறவிடக் கூடாத நாள் 16 மே 2007. 129 இடங்களில் 47 மட்டுமே வென்றிருந்த ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் தலைவர் சால்மண்டை, பசுமைக் கட்சியின் இருவர் துணையோடு, 49க்கு 46 என்ற கணக்கில் முதல் அமைச்சராக அவை தேர்ந்தெடுத்தது. விட்டுக்கொடுக்காமல் எந்தக் கட்சியும் இங்கே ஆள முடியாது என்று அன்று அவர் பேசியதையும், 1988இன் கோபத்தையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, அது ஒரே மனிதரின் குரல்தானா என்று எனக்கே ஐயம் எழுந்தது.

குறை என்றால், ஹன்சார்ட் பேச்சைச் செப்பனிட்டே பதிவுசெய்கிறது. அவருடைய நக்கலும் சிரிப்பும் எழுத்தில் பாதிதான் தேறுகின்றன. 84.6 சதவீதம் பேர் வாக்களித்து, 55க்கு 45 என்ற அளவில் ஸ்காட்லாந்து விடுதலைக் கோரிக்கை தோற்ற 2014 பொது வாக்கெடுப்பின் சூடும் இதில் கிடைக்காது. அது தெருவிலும் சமூகக் கூடங்களிலும் நடந்த விவாதம்.

கடைசியாக 26 பிப்ரவரி 2021. பாலியல் குற்றச்சாட்டு வழக்கில் முந்தைய ஆண்டு விடுவிக்கப்பட்டிருந்த சால்மண்ட், தன் மீதான புகார்களை அரசு கையாண்ட விதத்தை விசாரித்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழுவின் முன் ஏறத்தாழ ஆறு மணி நேரம் பதிலளித்தார். ஸ்காட்லாந்து தோற்கவில்லை, அதன் தலைமைதான் தோற்றது என்று அவர் சொன்னபோது, அந்தத் தலைமையில் இருந்தவர் அவரே வளர்த்தெடுத்த, அப்போதைய முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன். அடுத்த வாரம் அதே குழுவின் முன் ஸ்டர்ஜன் அளித்த பதில்களும் அதே தளத்தில் உள்ளன. இரண்டையும் ஒரே அமர்வில் படிக்க வேண்டாம். நான் படித்தேன், அன்றிரவு தூக்கம் போயிற்று.